ஐஸ் கம்பெனியில் கணவருக்கு விரல் போய்விட்டது. ஓய்வில் இருந்தால் 'நீயாக நின்றுகொண்டாய்' என்கிறார்கள்

(இந்த இழை 2024இல் எழுதப்பட்டது. இதில் பேசப்படும் 1923ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது.)

கடலோர வீடு
2024 ஜூலை 5, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மண்டபத்தில். என் வீட்டுக்காரர் ஆறு வருடமாக ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டால் அங்கே இரவு பகல் கிடையாது. ஜூன் 21 வெள்ளி இரவு வேலைக்குப் போனார். சனிக்கிழமை கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு ஐஸ் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாலை இரண்டரை மணி இருக்கும். பார் என்கிற பெரிய ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுத்து அரவை இயந்திரத்தின் வாய்க்குள் தள்ள வேண்டும். ஒரு பார் பாதியில் சிக்கி நின்றிருக்கிறது. கொக்கியால் குத்தித் தள்ளியபோது இயந்திரத்தின் பல் கொக்கியைக் கவ்வி இழுத்துவிட்டது. நனைந்து விறைத்த கையுறை, பிடியை விட நேரம் இல்லை. வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. நடுவிரல் எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள்.

முதலாளியின் காரிலேயே ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கூடவே வந்த கணக்கப்பிள்ளை, "கம்பெனியில் நடந்தது என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், வைத்தியம் தாமதமாகும், வீட்டுக் கிரைண்டரில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடு" என்றாராம். இவரும் வலியில் அப்படியே சொல்லிவிட்டார். மருத்துவமனைச் செலவு 48,000 ரூபாயை முதலாளி கட்டினார். அதை நான் மறைக்கவில்லை.

போன வருடம் வீட்டுக் கூரைக்காக 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தோம். இப்போது முதலாளி, "வைத்தியச் செலவையும் முன்பணத்தையும் கழித்தால் உனக்கும் எனக்கும் கணக்கு முடிந்தது" என்கிறார். வருகிற திங்கட்கிழமை வந்து உட்கார்ந்து பார் கணக்கு எழுத வேண்டுமாம். வராவிட்டால் நீயாக வேலையை விட்டு நின்றுகொண்டாய் என்று வேறு ஆள் போட்டுவிடுவாராம். முத்திரைத்தாள் ஒன்றும் தயாராக இருக்கிறது. வலது கை கட்டில் இருப்பதால் இடது கைப் பெருவிரல் ரேகை போதும் என்கிறார்கள்.

மருத்துவர் ஆறு வாரமாவது கையை அசைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். சம்பளம் மாதம் 14,000. மொத்தம் எட்டுப் பேர்தான் வேலை செய்கிறார்கள், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டத்தில் விடுப்பு என்று ஏதாவது இருக்கிறதா? கேட்டால் நன்றி கெட்டவர்கள் என்று ஊரில் பேசுவார்கள் என்ற பயமும் இருக்கிறது.

பாம்பன் வலை
2024 ஜூலை 5, இரவு 10.05

மதினி, அண்ணனை எந்தத் தாளிலும் ரேகை வைக்க விடாதீர்கள். மற்றது எல்லாம் பிறகு. என் மாமா ஒருவர் இப்படித்தான் வெற்றுத்தாளில் வைத்துவிட்டு இன்றுவரை அதில் என்ன எழுதினார்கள் என்று தெரியாமல் இருக்கிறார்.

பழைய கோப்பு
2024 ஜூலை 5, இரவு 11.20

அம்மா, நான் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இதுபோன்ற மனுக்களைப் பல வருடம் கையில் வாங்கியவன்.

உங்களுக்குப் பொருந்துவது 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். பத்துப் பேருக்குக் குறைவான இடம், இஎஸ்ஐ இல்லை என்றால் இதுதான் வழி. இஎஸ்ஐ இருந்திருந்தால், தற்காலிக ஊனத்துக்கு நாள் சம்பளத்தில் 90 சதவீதம் அவர்களே தந்திருப்பார்கள். முதலாளியிடம் நிற்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இந்தச் சட்டத்தில் விடுப்பு என்ற பெயரில் ஒன்றும் இல்லை. ஆனால் காயத்தால் வேலை செய்ய முடியாத காலத்துக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் கால் பங்கை முதலாளி தர வேண்டும். உங்கள் கணக்கில் அது 3,500 ரூபாய், மாதம் 7,000. முதல் தவணை பதினாறாவது நாள் கொடுக்கப்பட வேண்டும். விபத்து 22ஆம் தேதி அதிகாலை என்றால் அந்த நாள் இந்த வாரக் கடைசியில் வருகிறது. வேலை செய்ய முடியாத நிலை 28 நாளுக்குக் குறைவாக நின்றுவிட்டால் முதல் மூன்று நாளுக்குப் பணம் கிடையாது. 28 நாளைத் தொட்டுவிட்டால் முதல் நாளிலிருந்தே கணக்கு. ஆறு வாரம் என்று மருத்துவர் சொல்வதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலைக்குத் தகுதியில்லை, இன்ன காயத்தால். அந்தச் சான்றுதான் உங்கள் விடுப்பு. வாய்ச்சொல் எதற்கும் உதவாது.

அடுத்தது அந்தக் கழிப்பு. இங்கே நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தை இழப்பீட்டிலிருந்து கழிக்கக்கூடாது என்று நான்காவது பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. 2009இல் வந்த திருத்தத்தின்படி, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியின் பொறுப்பு. அவர் 48,000 கட்டியது நல்ல மனது என்றால் மகிழ்ச்சி, கடமையும் அதுதான். முன்பணம் 40,000 தனிக் கடன். அதை நீங்கள் திருப்பித் தரத்தான் வேண்டும். ஆனால் இழப்பீட்டில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. இழப்பீட்டை ஜப்தி செய்யவோ அடகு வைக்கவோ எந்தப் பாக்கிக்கும் நேர் செய்யவோ கூடாது என்கிறது ஒன்பதாவது பிரிவு. நம் கடற்கரையில் முன்பணம் வாங்காத தொழிலாளியைக் காண்பது அரிது. அதனால்தான் இந்த ஒரு பிரிவை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அந்த முத்திரைத்தாள்: இழப்பீட்டுத் தொகை பற்றி இரு தரப்பும் பேசி முடித்தால் அந்த உடன்பாட்டைப் பணியாளர் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத தாளைக் காட்டி முதலாளி முழுத் தொகையிலிருந்து தப்ப முடியாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய தாளும் செல்லாது. இருந்தாலும் ரேகை வைக்காதீர்கள். வைத்த பிறகு அது செல்லாது என்று நிரூபிக்கும் அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

என் கவலை எல்லாம் கிரைண்டர் என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்குள் மருத்துவமனையில் அனுமதித்த நேரம் எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

உப்பு வரப்பு
2024 ஜூலை 6, காலை 6.15

தங்கச்சி, திங்கட்கிழமை அவரை அனுப்பாதே. நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

சாயல்குடிப் பக்கம் ஒரு தனியார் உப்பளத்தில் வேலை செய்தேன். லாரியில் உப்பு ஏற்றும்போது பலகை சறுக்கி விழுந்ததில் வலது பாதத்தில் இரும்பு முனை ஏறிவிட்டது. பதினொரு தையல். மேஸ்திரி வந்து, நிழலில் உட்கார்ந்து சாக்குத் தைத்தால் போதும், கூலி உண்டு என்றார். பன்னிரண்டாம் நாள் போனேன். இரண்டு நாள் சாக்குத் தைத்தேன். மூன்றாம் நாள் ஆள் குறைவு என்று பாத்திக்குள் இறங்கச் சொன்னார்கள். கட்டின் மேல் பிளாஸ்டிக் பை சுற்றி இறங்கினேன். சாயங்காலம் பையை அவிழ்த்தால் கட்டுத்துணி முழுக்க உப்புப் பூத்துப் பலகை மாதிரி இருந்தது. துணியைப் பிரித்தபோது தையலும் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் படுக்கை. கேட்கப்போனால், "பன்னிரண்டாம் நாளே குணமாகி வேலைக்கு வந்துவிட்டாயே, வருகைப் பதிவில் உன் பெயர் இருக்கிறதே" என்றார்கள். அந்த மூன்று நாள் கூலிக்காக என் காலையும் என் வழக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இன்றும் மழைக்காலத்தில் அந்தப் பாதத்தை ஊன்ற முடிவதில்லை.

தொண்டிக்காரன்
2024 ஜூலை 6, காலை 9.30

நானும் சிறு முதலாளிதான். நண்டு, கணவாய் வாங்கி அனுப்புகிற கடை, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். நான் சொல்வதையும் கேளுங்கள்.

48,000 ரூபாயை உடனே எடுத்துக் கட்டியவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடைக்காலம் 61 நாள் வருமானம் இல்லாமல், மின் கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டு இருந்திருப்பார். இப்போதுதான் நாலு காசு வருகிறது. உட்கார்ந்து கணக்கு எழுதச் சொன்னது, சம்பளம் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்தும் இருக்கலாம். ஒரே ஊரில், ஒரே கோயில் திருவிழாவில் முகம் பார்க்க வேண்டியவர்கள். வக்கீல் வழக்கு என்று போனால் நாளை அந்தக் கடற்கரையில் அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துப் பேசி, முன்பணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பழைய கோப்பு
2024 ஜூலை 6, காலை 11.00

தொண்டித் தம்பி, பேசி முடிப்பதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் என்ன தொகையைப் பேசுகிறோம் என்று இரு தரப்புக்கும் தெரிந்த பிறகு பேச வேண்டும். அந்த அம்மாவின் கணவருக்கு வயது 35 என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் அட்டவணையில் அந்த வயதுக்கான காரணி 197.06. சம்பளம் 14,000இல் 60 சதவீதம் 8,400. இரண்டையும் பெருக்கினால் 16,55,304 ரூபாய். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு இழப்புக்கு அட்டவணை தரும் ஊன விகிதம் 11 சதவீதம். ஆக 1,82,083 ரூபாய். நடுவிரல் மடங்காமல் போனால் அதை மருத்துவர் தனியாக மதிப்பிட வேண்டும். 1,82,083 ரூபாய்க்கு உரியவரிடம் 40,000 ரூபாயைத் தள்ளுபடி செய்து முடித்துக்கொள் என்று பெரியவர்கள் சொன்னால் அதை நான் சமாதானம் என்று ஏற்க மாட்டேன்.

இந்தத் தொகை இதற்குள் வாங்கிய பதினைந்து நாள் தவணைகளைக் கழித்துக்கொண்டு கிடைக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாத தாமதம் என்றால் ஆணையர் தொகையில் பாதி வரை தண்டமும் விதிக்கலாம். இதை அந்த முதலாளிக்கு யாராவது எடுத்துச் சொன்னால் அது அவருக்கும் செய்யும் உதவிதான்.

இன்னொன்று. உங்கள் ஆறு பேருக்கும் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலேயே கிடைக்கிறது. ஆள் காயப்பட்ட பிறகு கைக்காசைத் தேடி அலைகிற நிலை முதலாளிக்கும் வரக்கூடாது.

தொண்டிக்காரன்
2024 ஜூலை 6, பகல் 12.10

எடுக்கவில்லை ஐயா. படகுக்கும் வண்டிக்கும் எடுத்திருக்கிறேன், ஆட்களுக்கு எடுக்கத் தோன்றவில்லை. திங்கட்கிழமை விசாரிக்கிறேன். 1,82,000 என்ற கணக்கு எனக்கு உண்மையிலேயே தெரியாது.

கடலோர வீடு
2024 ஜூலை 6, மாலை 4.45

எல்லோருக்கும் நன்றி. உப்பு வரப்பு அக்கா, நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமை போகவில்லை என்று சொல்லிவிட்டார்.

வயது 35தான் ஐயா. மருத்துவமனைத் தாளில் அனுமதித்த நேரம் அதிகாலை 3.10 என்று இருக்கிறது. கீழே "வீட்டில் கிரைண்டரில் சிக்கியதாகக் கூறுகிறார்" என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொரு பயமும் இருக்கிறது. அரவை வாயின் மேல் முன்பு ஒரு கம்பி மூடி இருந்ததாம். கணக்கப்பிள்ளை இப்போது, "மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தது உன் தவறு, உனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று போனில் சொல்கிறார். அந்த மூடி இரண்டு வருடத்துக்கு முன்பே துருப்பிடித்து உடைந்து பழைய இரும்புக்குப் போய்விட்டது. எட்டுப் பேருக்கும் அது தெரியும்.

பழைய கோப்பு
2024 ஜூலை 6, இரவு 8.30

கணக்கப்பிள்ளை போனில் சொன்னதைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தாய் என்று அவர் சொல்லும்போதே காயம் எங்கே நடந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பாதுகாப்பு மூடியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினால்தான் முதலாளிக்குத் தப்பிக்க இடம் உண்டு. குடித்திருந்தால், பாதுகாப்புக்கான உத்தரவை வேண்டுமென்றே மீறினால், அதுவும் அப்படித்தான். இரண்டு வருடமாக இல்லாத மூடியை இவர் எப்படிக் கழற்றியிருக்க முடியும்? கவனக்குறைவு என்ற வாதமும் இந்தச் சட்டத்தில் எடுபடாது. தூக்கக் கலக்கத்தில் கை தவறியது என்றே வைத்துக்கொண்டாலும் அது வேலையில் நடந்த விபத்துதான்.

இனி அந்த வாக்கியம். முதல் நாள் பதிவு தவறாக இருப்பது வழக்கைக் கடினமாக்கும், முடித்துவிடாது. காயம்பட்டவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. ரத்தம் சொட்டும்போது காரில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதைத்தான் மனிதன் கேட்பான். ஆனால் இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் வீட்டில் சொல்லி வையுங்கள்: மருத்துவமனையில் முதல் கேள்வி எப்படி ஏற்பட்டது என்பதுதான். வேலையில் ஏற்பட்டது, இன்ன இடத்தில், இன்ன இயந்திரத்தில் என்று சொல்லுங்கள். அதனால் வைத்தியத்தை யாரும் மறுக்க முடியாது. என்னிடம் வந்த மனுக்களில் தோற்றுப்போனவை பெரும்பாலும் அந்த முதல் வரியில் தோற்றவைதான்.

உங்களுக்கு இன்னும் கை நிறைய ஆதாரம் இருக்கிறது அம்மா. 3.10க்கு அனுமதி. அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் மாவு ஆட்டுவதில்லை. அவரைக் கொண்டுவந்தது முதலாளியின் கார். பணம் கட்டியது முதலாளி. ரசீதில் அல்லது அவர் போனிலிருந்து அனுப்பிய பதிவில் அது இருக்கும். அன்று ஐஸ் ஏற்றக் காத்திருந்த படகு எது, அதன் டிரைவர் யார் என்று கேளுங்கள். கூட வேலை செய்பவர்கள் முதலாளிக்குப் பயந்து பேசாமல் இருக்கலாம். படகு டிரைவருக்கு அந்தப் பயம் இல்லை. அடுத்து கட்டு மாற்றப் போகும்போது நடந்ததை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லி, சிகிச்சைக் குறிப்பில் எழுதும்படி கேளுங்கள்.

பிறகு முதலாளிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். காயம்பட்டவர் பெயர், முகவரி, விபத்து நடந்த நாள், நேரம், எப்படி நடந்தது, மருத்துவர் சொன்ன ஓய்வுக் காலம், சான்றின் நகல். "நான் வேலையை விடவில்லை, ஓய்வில் இருக்கிறேன்" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அவர் தன் செலவில் வேறு மருத்துவரிடம் பரிசோதிக்க அழைத்தால் மறுக்காதீர்கள். மறுத்தால் அதுவரை உரிமை நிறுத்தி வைக்கப்படும். வேலையை அவர் உறுதியாகத் தருவாரா என்று கேட்டால், இந்தச் சட்டம் வேலைக்கு உத்தரவாதம் தரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் வேலையை விட்டு நீக்கினாலும் இழப்பீடு நிற்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மனுப் போட விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் சாட்சிகள் இரண்டு வருடம் காத்திருக்க மாட்டார்கள்.

பாம்பன் வலை
2024 ஜூலை 7, காலை 7.20

ஐயா, படகில் போகிற எங்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது. பங்குதான். வலை இழுக்கும் விஞ்சில் கை மாட்டினால் எங்கே போவது?

பழைய கோப்பு
2024 ஜூலை 7, காலை 10.40

தம்பி, பங்குத் தொழிலில் சம்பளம் எவ்வளவு என்று காட்டுவதே முதல் சண்டையாகிவிடும். அது தனி இழையாகப் பேச வேண்டிய விஷயம். இப்போதைக்கு உங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் குழு விபத்துக் காப்பீட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. கரையில் ஓய்வில் இருக்கும் நாட்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கடலோர வீடு
2024 ஜூலை 23, இரவு 8.15

கடிதம் அனுப்பினோம். ஒப்புகை அட்டை நான்காம் நாள் திரும்பி வந்தது, கணக்கப்பிள்ளையின் கையெழுத்தோடு. இரண்டு நாள் யாரும் பேசவில்லை. தெருவில் முதலாளி வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. என் மகள் காதுகுத்துக்கு அவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

ஐஸ் ஏற்ற வந்த படகு டிரைவரைக் கண்டுபிடித்தோம். தங்கச்சிமடத்துக்காரர். "என் கண் முன்னால் நடந்தது, துண்டை அவிழ்த்துக் கையில் கட்டியதே நான்தான், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்" என்றார். மருத்துவரும் சிகிச்சைக் குறிப்பில், ஐஸ் அரவை இயந்திரத்தில் ஏற்பட்ட காயம் என்று நோயாளி இப்போது தெரிவிப்பதாக எழுதினார். ஆகஸ்ட் 15 வரை ஓய்வு என்று சான்று தந்திருக்கிறார்.

நேற்று முதலாளியே வீட்டுக்கு வந்தார். இரண்டு தவணை, 7,000 ரூபாய் கொடுத்தார். ரசீது எழுதி, நகலில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். முன்பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது, அது கடன், கை தேறியதும் மாதாமாதம் தருகிறோம், இதில் சேர்க்க வேண்டாம் என்று சொன்னேன். கை நடுங்கியது. ஆனால் சொல்லிவிட்டேன்.

உப்பு வரப்பு
2024 ஜூலை 23, இரவு 9.00

நீ அந்த ரசீதை வாங்கினாயே தங்கச்சி, அதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. என்னிடம் ஒரு துண்டுத்தாள் கூட இல்லை.

கடலோர வீடு
2024 செப்டம்பர் 14, மாலை 6.30

கம்பியை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் பாதிதான் மடங்குகிறது. சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பழகிவிட்டார். சோறு பிசையும்போது விரல்களுக்கு நடுவே சாறு வழிந்துவிடுகிறது. பிள்ளைகள் முன்னால் சாப்பிட மாட்டேன் என்கிறார்.

மருத்துவர் ஊனச் சதவீதத்தைக் குறிப்பிட்டுச் சான்று தந்துவிட்டார். முதலாளி தரப்பில் பேசி ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐயா போட்ட கணக்குக்குக் குறையவில்லை. ஆணையரிடம் பதிவு செய்தால்தான் வாங்குவோம் என்று சொன்னோம், சரி என்றார்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் அம்மா உடன்பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறார். வேறு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் ஐயா?

பழைய கோப்பு
2024 செப்டம்பர் 14, இரவு 9.10

ஊனச் சான்றின் அசல், எல்லா ஓய்வுச் சான்றுகள், ஒப்புகை அட்டை, தவணை ரசீதுகள், சம்பளம் வந்த வங்கிக் கணக்குப் புத்தகம். வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் மிக நல்லது. ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருந்தால் காரணி மாறிவிடும் என்று தகராறு வரும். 35க்கும் 36க்கும் தொகை வேறு. உடன்பாட்டில் முன்பணம் என்ற சொல்லே இருக்கக்கூடாது, வாசித்துப் பாருங்கள்.

கடலோர வீடு
2024 செப்டம்பர் 15, காலை 7.50

உச்சிப்புளியில் அவர் படித்த பள்ளிச் சான்றிதழ் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. உடன்பாட்டில் ஓர் இடத்தில் "பழைய பாக்கிகள் உட்பட" என்று இருந்தது. வக்கீல் அம்மாவுக்குப் போன் செய்து எடுக்கச் சொல்லிவிட்டேன். நாளை காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறோம்.